சேற்றுக்குச் சக்கரம், பனிக்குச் சங்கிலி

தமிழில் பனி என்ற சொல் வெகுகாலம் ஈரத்தையே குறித்து வந்திருக்கிறது. ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டை முன்பனி என்றும் பின்பனி என்றும் பெயரிட்டுப் பிரித்தவர்கள் நம் முன்னோர். ஆனால் அவர்கள் அறிந்த பனி விடியலில் புல்நுனியில் நிற்கும். வெயில் ஏறினால் போய்விடும். முழங்கால் உயரத்துக்குக் குவிந்து சாலையையே மறைத்துவிடும் பனி அவர்களுக்கு இமயத்தைப் பற்றிய செவிவழிச் செய்தி மட்டுமே. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களின் எழுத்துதான் அந்த வெண்ணிலத்தைத் தமிழுக்குள் கொண்டுவந்தது. ஆறாம் திணை என்ற பேச்சும் அதிலிருந்து எழுந்ததுதான்.

ஆறாம் திணையின் அழகியல் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது அதன் சாலைகளைப் பற்றி. குறிப்பாக, அந்தச் சாலையில் வாடகைக் காரோடு நிற்கும் மனிதரைப் பற்றி. இலக்கிய வாசகர்களுக்கு இது என்ன விஷயம் என்று தோன்றலாம். ஒரு சமூகம் தன் பொறுப்புகளை யார் தலையில் கட்டுகிறது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அது எப்போதும் இலக்கியத்தின் கேள்வியாகவே இருந்திருக்கிறது.

விஷயம் இதுதான். அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ பிறந்து, கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் போனது சென்ற ஆண்டாக இருக்கும். சொந்தக் கார் இன்னும் வாங்கவில்லை, அல்லது வாங்கிய சிறிய கார் குடும்பத்துக்குப் போதவில்லை. ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள். டிசம்பர் விடுமுறையில் பனியைப் பார்த்துவிட்டு வரலாம், பிள்ளைகள் சறுக்கி விளையாடட்டும் என்று தாகோ ஏரிக்குப் புறப்படுகிறார்கள். 1960-இல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த மலை அங்கேதான் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 200 மைல். 80-ஆம் எண் இடைமாநில நெடுஞ்சாலை டானர் கணவாயருகே 7,200 அடிக்கு மேல் ஏறி இறங்குகிறது. 1846-இல் எண்பது பேருக்கு மேற்பட்ட ஒரு குடியேற்றக் கூட்டம் மாட்டுவண்டிகளோடு வந்து, பனியில் சிக்கி, ஏறத்தாழப் பாதிப் பேரை இழந்தது இந்த மலைத்தொடரில்தான். கணவாயின் பெயரே அந்தக் கூட்டத்தின் தலைவருடையது.

இன்று அந்தச் சாலையில் பனி அள்ளும் இயந்திரங்கள் ஓடுகின்றன. இருந்தாலும் பனி கொட்டும் நாளில் கால்ட்ரான்ஸ் என்ற மாநிலப் போக்குவரத்துத் துறை சங்கிலிக் கட்டுப்பாட்டை அறிவிக்கிறது. அதில் மூன்று படிகள் உண்டு. ஆர்-1 என்ற முதற்படியில், உந்து சக்கரங்களில் பனி டயர் பூட்டிய சிறு வாகனங்கள் நீங்கலாக மற்றவை சக்கரத்தில் சங்கிலி பூட்டியாக வேண்டும். ஆர்-2 அறிவித்தால், நான்கு சக்கரமும் உந்துகிற, நான்கிலும் பனி டயர் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே விலக்கு. ஆர்-3 என்றால் யாருக்கும் விலக்கில்லை; ஆனால் அந்த நிலை வருவதற்கு முன்பே பெரும்பாலும் சாலையை மூடிவிடுவார்கள். பலர் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. விலக்குப் பெற்ற வண்டியிலும் சங்கிலி இருந்தாக வேண்டும். பூட்டாவிட்டாலும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

இந்த விதியில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். உலர்ந்த தார்ச்சாலையில் ரப்பருக்கு உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.8. வழுக்கும் பனிக்கட்டியில் அது 0.1 அளவுக்கு இறங்கிவிடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்த பின் சுமார் 8 மீட்டரில் நிற்கும். பனிக்கட்டியில் அதே கார் நிற்க 60 மீட்டருக்கு மேல் வேண்டும். ஒரு பேருந்து நிலையத்தின் நீளம் அது. நான்கு சக்கர உந்துவிசை இருக்கிறது என்று மார்தட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது டயரும் சாலையும் பற்றிக்கொள்ளும் பிடிமானம் மட்டுமே. அந்தப் பிடிமானத்தை இரும்பால் உண்டாக்குவதுதான் சங்கிலி.

நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர் 1904-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சேற்றிலும் பனியிலும் மாட்டிக்கொள்ளும் வாகன ஓட்டிகள் சக்கரத்தைச் சுற்றிக் கயிற்றையும் கொடியையும் கட்டுவதைக் கண்டு அவருக்கு யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் அடிப்படை வடிவம் மாறவில்லை. மிக எளிய, மிகப் பழைய, விலை அதிகமில்லாத ஒரு கருவி.

விலை அதிகமில்லை என்று சொன்னது சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு. ஒரு ஜோடி பொதுவாக ஐம்பது டாலரிலிருந்து நூறு டாலர் வரை. ஒருமுறை வாங்கினால் பல குளிர்காலங்களுக்கு வரும். வாடகைக் கார் எடுத்தவருக்கோ அது இரண்டு நாள் பொருள். அதன்பின் வீட்டுப் பரணில் கிடக்கும் இரும்பு. அடுத்த முறை எடுக்கும் காருக்கு அது பொருந்தாது.

ஏன் பொருந்தாது? சங்கிலி டயரின் அளவைப் பொறுத்தது. டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர் 16 என்பது போல ஓர் எண்வரிசை பொறித்திருக்கும். அதற்கு ஏற்ற சங்கிலிதான் வாங்க வேண்டும். ஆனால் வாடகைக் காரைப் பதிவு செய்யும்போது இந்தக் கார் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. இன்ன ரகம் அல்லது அதைப் போன்றது என்றுதான் சீட்டில் எழுதியிருக்கும். கையில் சாவி கிடைக்கும் நிமிடம் வரை டயரின் அளவு தெரியாது. முன்கூட்டியே மலிவாக இணையத்தில் வாங்கி வைக்க வழியே இல்லை. சாவி கிடைத்த பிறகு போகும் வழியில் வாங்க வேண்டும். மலை நெருங்க நெருங்க விலை ஏறும். பனி கொட்டும் நாளில் வேண்டிய அளவு தீர்ந்தும் போயிருக்கும்.

அதுவும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது வாடகை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான வாடகைக் கார் நிறுவனங்கள் சங்கிலி தருவதில்லை. சில ஒப்பந்தங்கள் சங்கிலி பூட்டுவதையே தடைசெய்கின்றன. மற்றவை, பூட்டிக்கொள், ஆனால் வண்டிக்கு ஏதாவது நேர்ந்தால் முழுச் செலவும் உன்னுடையது என்கின்றன. வாங்கிய காப்பீடும் அந்த இடத்தில் கை கொடுக்காமல் போகலாம்.

ஆக, அரசு சங்கிலி இல்லாமல் வராதே என்கிறது. வண்டிக்காரர் சங்கிலி பூட்டாதே என்கிறார். கடைக்காரர் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் விலையை ஏற்றி வைத்திருக்கிறார். சாலையோரத்தில் எண் பொறித்த மேலாடை அணிந்து சங்கிலி பூட்டித் தருபவர்கள் நிற்பார்கள். முப்பது நாற்பது டாலருக்குப் பூட்டித் தருவார்கள். ஆனால் அவர்கள் சங்கிலியை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று கால்ட்ரான்ஸ் விதி வைத்திருக்கிறது. பூட்டத் தெரிந்தவரிடம் பொருள் இல்லை. பொருள் வைத்திருக்க வேண்டியவர் தரமாட்டார். நடுவில் நிற்பது, பனியை முதன்முறை பார்க்கும் ஒரு குடும்பம்.

இந்த நெருக்கடியில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை. வானிலை தெளிவாகத்தான் இருக்கும் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு சங்கிலி இல்லாமல் கிளம்புவார்கள். டயரில் எம்+எஸ் என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவில் அந்த முத்திரை இருந்தால் பனி டயர் என்றே கொள்ளப்படும். ஆர்-1 நாளில் சங்கிலி பூட்டாமல் தப்பலாம். ஆனால் எல்லாப் பருவத்துக்கும் பொது என்று விற்கும் டயர்களிலும் அந்த முத்திரை உண்டு. அவற்றின் ரப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். சட்டத்துக்குப் போதுமானது உயிருக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

*

எம்+எஸ் என்பதன் விரிவு சேறும் பனியும். டயர் செய்பவர்கள் இரண்டையும் ஒரே முத்திரைக்குள் அடக்கிவிட்டார்கள். இந்த இடத்தில்தான் எனக்குப் புதுக்கோட்டை மாவட்டம் நினைவுக்கு வருகிறது. பனிக்கும் அந்தச் செம்மண் பூமிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சேற்றைப் பற்றி அதற்கு நன்றாகத் தெரியும்.

மாவட்டத்தின் பெரும்பகுதி மானாவாரியும் கண்மாய்ப் பாசனமும்தான். கல்லணைக் கால்வாயின் தண்ணீர் பாயும் அறந்தாங்கிப் பக்கத்தில் நெல் வயல்கள் உண்டு. நடவுக்கு முன் வயலில் நீர் கட்டிச் சேற்றுழவு ஓட்ட வேண்டும். மாட்டை வைத்து உழுத காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, இப்போது டிராக்டர்தான். ரப்பர் டயரோடு டிராக்டர் சேற்றில் இறங்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி புதையும். அதற்காகப் பின்சக்கரத்தோடு இரும்பாலான ஒரு கூண்டுச் சக்கரத்தைப் பூட்டுவார்கள். ஊரில் எல்லோரும் சொல்வது கேஜ் வீல் என்றுதான். அதன் குறுக்குப் பட்டைகள் சேற்றைக் கடித்துப் பிடித்து வண்டியை முன்னே தள்ளும். பனிச்சங்கிலி செய்கிற அதே வேலை. சங்கிலிக்கு இருக்கிற குறையும் இதற்கு உண்டு. தார்ச்சாலையில் இதோடு ஓட்டினால் சாலை பாழாகும். வயலருகே பூட்டி, வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும்.

சிறு விவசாயிகளில் சொந்த டிராக்டர் வைத்திருப்பவர்கள் குறைவு. மணிக்கணக்கு வாடகைதான். டிராக்டர்காரரிடம் நாளைக்கு ஒரு ஏக்கர் சேற்றுழவு என்று சொன்னால் போதும். கேஜ் வீல் வண்டியோடு வந்துவிடும். கேஜ் வீலை நீயே வாங்கி வந்து வரப்பில் வை என்று எந்த டிராக்டர்காரரும் எந்த விவசாயியிடமும் சொல்லமாட்டார். சொன்னால் சிரிப்பார்கள். சேற்றுழவுக்கு வண்டி கேட்டால் சேற்றில் ஓடக்கூடிய வண்டி என்றுதான் பொருள். எழுதப்படாத ஒப்பந்தம் அது. கையெழுத்து இல்லை, சிறிய எழுத்துகளும் இல்லை. இருந்தும் அதில் நியாயம் இருக்கிறது. வண்டியின் அளவு வண்டிக்காரருக்குத்தான் தெரியும். பொருந்தும் சக்கரம் அவரிடம்தான் இருக்கும். ஒரு கேஜ் வீல் ஒரு பருவத்தில் நூறு வயலுக்குப் பயன்படும். அதன் செலவு நூறு பேர் வாடகையில் சிறு துளியாகப் பிரிந்துவிடும். நூறு விவசாயிகளும் ஆளுக்கொரு கேஜ் வீல் வாங்கித் தொழுவத்தில் போட்டு வைப்பது பொருளாதாரம் ஆகாது, பைத்தியக்காரத்தனம்.

குல்மார்க்கிலும் இதுவே நடைமுறை. டங்மார்க்கிலிருந்து குல்மார்க்குக்கு ஏறும் சாலையில் பனிக்காலத்தில் சங்கிலி பூட்டிய வண்டிகளையும் நான்கு சக்கர உந்துவிசை வண்டிகளையும் மட்டுமே விடுவார்கள். அங்கே போகும் தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பயணி அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வாடகை வண்டியோடு ஓட்டுநரும் வருகிறார். வண்டிக்கு வேண்டிய சங்கிலி அவர் பாடு. மணாலியிலிருந்து மேலே போகும் சாலையோரக் கடைகளில் கோட்டும் பூட்சும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒருநாள் பொருளை ஒருநாள் விலைக்குத் தரும் சந்தையை ஏழை நாடு இயல்பாகவே உருவாக்கி வைத்திருக்கிறது. தானே ஓட்டும் வாடகைக் கார் என்ற ஏற்பாட்டில்தான் வண்டி மட்டும் வந்து பொறுப்பு பின்தங்கிவிடுகிறது.

*

புதுக்கோட்டையிலிருந்து இன்னோர் உதாரணமும் சொல்ல வேண்டும். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு நடமாட்டத்தையும் சேர்த்து யோசித்தார். கிராமத்துக்குக் கிராமம் போய்க் கற்பிக்க வேண்டிய பெண்கள் யாருடைய துணைக்கும் காத்திராமல் போக வேண்டுமானால் சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். பி. சாய்நாத் 1996-இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்த வரலாற்றை விடுதலையின் கதையாகவே நாம் சொல்லிவருகிறோம். அது சரிதான். அதற்குள் ஒரு நிர்வாகப் பாடமும் இருக்கிறது. பெண்களே சைக்கிள் ஓட்டுங்கள் என்று அறிவித்துவிட்டு நிர்வாகம் ஒதுங்கிவிடவில்லை. களப்பணியாளர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தது. பெண்களுக்கான சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வாங்க முடியாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மாலையில் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு வந்த ஓர் ஆசிரியையைப் பற்றிச் சாய்நாத் எழுதியிருக்கிறார். ஒன்றைச் செய் என்று சொல்பவர் அதைச் செய்வதற்கான கருவி எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆணை வசதியுள்ளவருக்கு அறிவுரை; வசதியற்றவருக்கு அபராதம்.

எதிர்மாறான அனுபவமும் நமக்கு உண்டு. 2015-இல் சென்னை உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் இருசக்கர வாகனத்தில் செல்வோருக்குத் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது. நோக்கம் உயிர் காப்பது. யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஜூன் கடைசி வாரத்தில் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. தட்டுப்பாடு வந்தது, விலை ஏறியது. தரமில்லாத பொருள்கள் சாலையோரத்தில் குவிந்தன. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆம் விதி, இருசக்கர வாகனம் விற்கும்போதே தரச்சான்று பெற்ற தலைக்கவசத்தை உற்பத்தியாளர் வழங்க வேண்டும் என்று சொல்கிறது. வண்டியோடு சேர்ந்தே காப்புக் கருவியும் வர வேண்டும் என்ற கொள்கை நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. அது எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்திருந்தால் அந்த ஜூன் மாத நெரிசலில் ஒரு பகுதியாவது குறைந்திருக்கும்.

*

பனி நாடுகளில் இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணம் 2008-இல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. இப்போது அது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று உரிமையாளரிடம் சொல்வதோடு அது நிற்கவில்லை. குளிர்கால டயர் இல்லாத காரை வாடகைக்கு விடவும் கூடாது என்று சேர்த்தே சொல்கிறது. மொன்றியலில் வாழும் ஈழத்தமிழர் ஒருவர் சனவரியில் வாடகைக்குக் கார் எடுத்தால் டயரின் பக்கவாட்டை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. சில மணி நேரப் பயணத் தூரத்தில், ஒன்றாரியோ மாகாணத்தின் ரொறன்ரோவில் அந்தக் கட்டாயம் இல்லை. குளிர்கால டயர் பூட்டுபவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் அங்கே விதி இருக்கிறது. அதனால் நன்மை அடைபவர் சொந்தக் காரும் சொந்தக் காப்பீடும் உடையவர். வாடகைக் காரருக்கு அதில் பங்கில்லை.

ஜெர்மனியில் பனிச்சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டினால் ஓட்டியவருக்கு அபராதம். 2017 முதல் அப்படி ஓட்ட அனுமதித்த வண்டி உரிமையாளருக்கும் 75 யூரோ அபராதம் உண்டு. பிரான்சில் 2021 நவம்பரிலிருந்து மலைப்பகுதிகளில் நவம்பர் முதல் மார்ச் வரை குளிர்கால டயர் அல்லது சங்கிலி இருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு விவரம் வேறு. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான்: சட்டத்தின் சுட்டுவிரல் யாரை நோக்கி நீள்கிறது? கலிஃபோர்னியாவில் அது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரை மட்டும் நோக்கி நீள்கிறது. கியூபெக்கில் வண்டியைக் கொடுத்தவரை நோக்கியும் நீள்கிறது.

வாடகை நிறுவனங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளையும் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். தளர்வாகப் பூட்டிய சங்கிலி சக்கர வளைவைக் கிழிக்கும், பிரேக் குழாயை அறுக்கும் என்பார்கள். உண்மை. இன்றைய கார்கள் பலவற்றில் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. சிலவற்றில் சங்கிலியே பூட்டக்கூடாது என்று கையேடு சொல்லும். அதுவும் உண்மை. ஆனால் இந்த உண்மைகள் எல்லாம் என் பக்கத்தைத்தான் வலுப்படுத்துகின்றன. எந்தக் காருக்கு எந்தச் சங்கிலி, எந்தக் காருக்குச் சங்கிலியே கூடாது என்ற விவரம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தெரிந்தவர் தராமல், தெரியாதவரைத் தேடி வாங்கச் சொல்வதால்தான் அளவு தவறுகிறது, சேதம் வருகிறது.

செலவு கூடும் என்பது இரண்டாவது மறுப்பு. அறுபது டாலர் சங்கிலியை ஒரு பயணத்துக்குப் பத்து டாலர் என்று விட்டால் ஆறு பயணத்தில் முதல் திரும்பிவிடும். குழந்தை இருக்கைக்கும் வழிகாட்டிக் கருவிக்கும் நாள் வாடகை வசூலிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நான் நம்பவில்லை. அதற்குப் பணம் கொடுக்க மாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. இலவசமாகக் கேட்கவில்லை, கிடைக்கும்படி வை என்றுதான் கேட்கிறோம்.

பனிச்சறுக்கு என்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு, அவர்களுக்கு ஐம்பது டாலர் என்ன பெரிது என்பது மூன்றாவது பேச்சு. இதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைச் சொல்ல வேண்டும். அந்தச் சாலையில் சறுக்கப் போகிறவர்கள் மட்டும் போவதில்லை. அந்த விடுதிகளில் படுக்கை விரிப்பவர்களும் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுபவர்களும் அதே கணவாயைக் கடக்கிறார்கள். பழுதான சொந்தக் காருக்கு மாற்றாக வாடகைக் கார் எடுத்தவர்களும் உண்டு. சங்கிலி இல்லாத ஒரு கார் குறுக்கே சறுக்கி நின்றால், சங்கிலி பூட்டிய நூறு கார்களும் பின்னால் நிற்க வேண்டியதுதான். பணம் இருந்தவர் இல்லாதவர் என்று பனி பிரித்துப் பார்ப்பதில்லை.

*

சட்டம் மாறும்வரை என்ன செய்வது? தெரிந்தவற்றைச் சொல்கிறேன். சாவி வாங்கியதும் வண்டியை எடுக்காமல், டயரின் எண்வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் சங்கிலி பற்றிய பக்கத்தைப் பாருங்கள். முன்சக்கரம் உந்தும் காருக்கு முன்சக்கரத்தில்தான் பூட்ட வேண்டும். பின்னால் பூட்டிப் பயனில்லை. ஒப்பந்தத்தில் சங்கிலி என்ற சொல் வரும் பத்தியைப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். அங்கே தடை இருந்தால் பனி டயர் பூட்டிய நான்கு சக்கர உந்துவிசை வண்டி கிடைக்குமா என்று கேளுங்கள். அப்போதும் உடன் சங்கிலி இருக்க வேண்டும் என்ற விதியை மறக்க வேண்டாம்.

வாங்குவதானால் சமவெளி நகரத்திலேயே வாங்குங்கள். பிரிக்காத உறையோடும் ரசீதோடும் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். கம்பிவட வகை சங்கிலியைவிட இலேசானது, பெரும்பாலும் மலிவானது, இடைவெளி குறைந்த கார்களுக்கு ஏற்றது. வீட்டு வாசலில் வெளிச்சத்தில் ஒருமுறை பூட்டிக் கழற்றிப் பழகுங்கள் என்பார்கள். திருப்பித் தரும் எண்ணம் இருப்பவர் உறையைப் பிரிக்காமல், பழகியவர் செய்வதைப் பார்த்தாவது வைத்துக்கொள்ளலாம். கையுறை, கைவிளக்கு, மண்டியிட ஒரு விரிப்பு, இவை மூன்றும் மறக்கக்கூடாதவை. பூட்டிச் சிறிது தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். அதன்பின் மணிக்கு 25, 30 மைலுக்கு மேல் போகக்கூடாது. இதில் எதுவும் ஒத்துவராவிட்டால் எமெரிவில்லிலிருந்து டிரக்கி ஊருக்கு ரயில் இருக்கிறது. மலையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

இவை எல்லாம் தனியாள் செய்யக்கூடியவை. சேர்ந்து செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. ஊர்தோறும் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. பொங்கல் விழாவுக்குக் கரும்பு வரவழைக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி நடத்துகிறார்கள். சிலர் நூலகமும் வைத்திருக்கிறார்கள். ஒரு சங்கிலி உறையில் அது பொருந்தும் டயர் அளவுகள் பலவற்றின் பட்டியல் இருக்கும். ஏழெட்டு ஜோடி வாங்கி வைத்தால் வழக்கமான வாடகைக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதாவதொன்று பொருந்திவிடும். நூல் இரவல் தருவது போலவே முன்பணம் வாங்கிக்கொண்டு தரலாம். பூட்டத் தெரிந்த ஒருவர் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாகன நிறுத்துமிடத்தில் எல்லோருக்கும் சொல்லித் தரலாம். பெரிய செலவில்லை. பரணில் உறங்கும் பழைய சங்கிலிகளைக் கேட்டு வாங்கினாலே பாதி சேர்ந்துவிடும்.

ஆனாலும் இது நிறுவனங்களின் கடமையை நாம் சுமப்பதாக ஆகிவிடக்கூடாது. இரவல் கொடுத்துக்கொண்டே கேள்வியையும் கேட்க வேண்டும். மலைச்சாலைக்குக் கட்டாயமான ஒரு பொருளைத் தராமல் மலையடிவாரத்தில் கார் வாடகைக்கு விடுவதை மாநிலம் ஏன் அனுமதிக்கிறது என்று அங்கே வாக்குரிமை பெற்ற நம்மவர்கள் தங்கள் பிரதிநிதியிடம் கேட்கலாம். கியூபெக் சட்டத்தின் ஒரே ஒரு வாக்கியம் போதும். வண்டி தருபவர், அந்த வண்டி போகக்கூடிய நிலத்துக்கு வேண்டியதையும் சேர்த்துத் தர வேண்டும். அறந்தாங்கி டிராக்டர்காரர் எந்தச் சட்டமும் சொல்லாமல் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.